கட்டும் அறையும்: இணையப் பக்கத்தில் தலைப்பு நிலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு தொழில் செய்பவர்களுக்கு இணையப் பக்கம் அமைத்துத் தருவது என் வேலை. பலகாரக் கடை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கண்டாங்கிச் சேலைக் கடை, பழைய வீட்டைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டிருக்கும் குடும்பம், கோயில் திருப்பணிக் குழு என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் பேசுவது நிறத்தையும் படத்தையும் பற்றி; நான் திரும்பத் திரும்பப் பேசுவது தலைப்புகளைப் பற்றி. அந்தப் பேச்சில் எழுந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பக்கம் அமைக்க வருமுன் இதைப் படித்துவிட்டு வந்தால் நம் இருவருக்கும் பாதி வேலை முடிந்திருக்கும்.

## தலைப்பு நிலை என்றால் என்ன?

இணையப் பக்கங்கள் எழுதப்படும் எச்டிஎம்எல் மொழியில் தலைப்புக்கென்று ஆறு குறிகள் உள்ளன: எச்1 முதல் எச்6 வரை. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் விவரித்த தொடக்ககாலக் குறிகளிலேயே இவை இருந்தன. அந்த எண் எழுத்தின் அளவைச் சொல்வதில்லை. எது எதற்குள் அடங்கும் என்பதைச் சொல்கிறது.

நம் ஊர் வீட்டை வைத்தே சொல்கிறேன். வீட்டின் பெயர் எச்1. முகப்பு, வளவு என்ற முற்றம், அதன் பின்னால் அடுத்தடுத்து வரும் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு ஆகிய ஒவ்வொன்றும் எச்2. வளவைச் சுற்றியுள்ள அறைகள் எச்3. அறைக்குள் நிற்கும் பெட்டகம் எச்4. இதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். மூன்றாம் கட்டு வீட்டின் பின்பக்கம் இருக்கிறது, ஆகவே அதற்குப் பெரிய எண் என்று நினைத்துவிடுகிறார்கள். பின்னால் இருப்பதால் கட்டு அறையாகிவிடாது. பக்கத்தின் கடைசியில் வரும் “வழித்தடம்” என்ற பகுதியும், முதலில் வரும் “அறைகள்” என்ற பகுதியும் ஒரே தகுதி உடையவை என்றால் இரண்டுக்கும் எச்2தான்.

ஒரு கட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக நாம் தாண்டும் மரச்சட்டத்துக்கும் நிலை என்றே பெயர். தலைப்பு நிலையும் தாண்டிப் போவதற்காகவே இருக்கிறது. யார் தாண்டுகிறார்கள் என்பது அடுத்த பதிலில்.

## பெரிய எழுத்தில், தடிமனாக, சிவப்பில் போட்டால் தலைப்பு என்று பார்த்ததும் தெரிகிறதே. குறி எதற்கு?

தேவகோட்டையில் என் மாமா இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் அவருடைய பார்வையைப் பறித்துவிட்டது. மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளை, வைத்துக்கொண்டு செய்தித்தாள், வங்கிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்கிறார். அது விலையில்லாத மென்பொருள். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் தொடங்கியது. தமிழையும் வாசிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவுக்கு நான் பக்கம் அமைத்திருந்தேன். தேர் எந்த நாள் என்று பார்க்க மாமா அதைத் திறந்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எச் விசையை அழுத்தினார். அடுத்த தலைப்பு இல்லை என்றது கணினி. மறுபடி அழுத்தினார். அதே பதில். பிறகு கீழ் அம்பு விசையைப் பிடித்துக்கொண்டு வரிவரியாக இறங்கத் தொடங்கினார். தல வரலாறு, திருப்பணிக் குழுவினர், நன்கொடையாளர் பட்டியல் என்று ஒவ்வொரு பெயராக ஓடியது. “திருவிழா நிகழ்ச்சி நிரல்” என்று நான் கொட்டை எழுத்தில் சிவப்பாகப் போட்டிருந்த வரி, நன்கொடையாளர் பெயர்களுக்குப் பிறகு இன்னொரு சாதாரண வரியாக வந்து போனது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கவனிக்கும்படி அதில் ஒன்றுமில்லை.

“உள்ளே எல்லாம் ஒரே கூடமாக இருக்கிறது மாப்பிள்ளை. எங்கே திரும்புவது என்று தெரியவில்லை” என்றார்.

அந்த வார்த்தை இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. கண்ணுள்ளவர் ஒரு நொடியில் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை மேய்ந்து தனக்கு வேண்டியதைப் பிடித்துவிடுகிறார். அந்த வசதியைப் பார்வையற்றவருக்குத் தருவது தலைப்புக் குறி. தடிமனும் நிறமும் திரையோடு நின்றுவிடுகின்றன; குறிதான் காது வரை போகிறது. வெப்எய்ம் என்ற அமைப்பு திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டுவருகிறது. நீண்ட பக்கத்தில் வேண்டிய தகவலைத் தேடும்போது முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, 2024இல் வெளியான பத்தாவது ஆய்விலும் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர் சொன்ன பதில், தலைப்புகள் வழியாகப் போவோம் என்பதே.

## அவர்கள் எப்படிப் போகிறார்கள்? கொஞ்சம் விளக்க முடியுமா?

என்விடிஏ, ஜாஸ் என்ற இரண்டு திரைவாசிப்பான்களிலும் எச் விசை அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோகும். ஷிப்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால் முந்தைய தலைப்பு. 1 முதல் 6 வரையுள்ள எண் விசைகள் அந்தந்த நிலைத் தலைப்புகளுக்கு மட்டும் தாவும். எல்லாத் தலைப்புகளையும் பட்டியலாகத் திறக்கவும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியின் திரைவாசிப்பானான டாக்பேக்கிலும் ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரிலும் தலைப்புகள் என்பதைத் தேர்ந்துகொண்டு விரலை மேலும் கீழும் இழுத்தால் போதும்.

நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் பற்றி ஒரே பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பதும் எச்2. ஒவ்வொன்றின் கீழும் இருப்பிடம், நடை திறக்கும் நேரம், விழாக்கள் என்று மூன்று எச்3. பக்கத்தின் பெயரையும் சேர்த்தால் மொத்தம் 37 தலைப்புகள். சூரக்குடியில் நடை திறக்கும் நேரம் வேண்டுமென்றால் 2 என்ற விசையை ஆறு முறை தட்டினால் சூரக்குடி; பிறகு 3ஐ இரண்டு முறை. எட்டுத் தட்டு. முந்தைய ஐந்து கோயில்களின் விவரங்களையும் கேட்டு முடிக்க வேண்டியதில்லை. எல்லாத் தலைப்பையும் எச்2 என்றே போட்டிருந்தால் அதே இடத்துக்கு 23 தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தலைப்பைக் காதில் வாங்க வேண்டும். எண்ணை ஒழுங்காக வைப்பதில் இவ்வளவு இருக்கிறது.

## ஒரு பக்கத்தில் எச்1 எத்தனை இருக்கலாம்?

ஒன்று வையுங்கள். அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று அது சொல்ல வேண்டும். கடைப் பெயரை எல்லாப் பக்கத்திலும் எச்1 ஆக வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பலகாரக் கடையில் “விலைப்பட்டியல்” பக்கத்தைத் திறந்தவருக்கு முதலில் கேட்க வேண்டியது விலைப்பட்டியல் என்ற சொல்.

பல எச்1 போடலாம், உலாவி தானே கணக்கிட்டுக்கொள்ளும் என்று இன்னும் சில பாடங்களில் எழுதியிருக்கிறார்கள். எச்டிஎம்எல்5 வந்தபோது, ஒரு பகுதிக்குள் இருக்கும் எச்1ஐ அதன் ஆழத்துக்கேற்பக் கீழ்நிலையாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஏட்டில் இருந்தது உண்மை. உலாவிகள் அதைத் திரைவாசிப்பான்களுக்குச் செயலில் கொண்டுவரவில்லை. 2022இல் அந்த ஏற்பாட்டை விதிநூலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

## எச்2இன் எழுத்து ரொம்பப் பெரிதாக இருக்கிறது. அழகுக்காக எச்4 போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி எல்லாம் சிஎஸ்எஸ் என்ற அலங்கார ஏட்டின் பொறுப்பு. எச்2ஐச் சிறியதாக்க வேண்டுமென்றால் அங்கே ஒரு வரி மாற்றினால் போதும். பக்கம் முழுவதும் மாறிவிடும். குறியை மாற்றினால் மாறுவது பொருள். எச்2க்குப் பிறகு நேராக எச்4 வந்தால், கேட்பவர் இடையில் ஓர் எச்3 இருந்து தான் அதைத் தவறவிட்டுவிட்டோமோ என்று நினைப்பார். மாமா அப்படித்தான் மேலும் கீழும் தேடுவார். இல்லாத அறையைத் தேடி ஒருவரை அலையவிடுவது சரியா?

மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த முடிவதை அணுகல்தன்மை என்கிறோம். அதற்கான உலக நெறிகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி, நிலை தாண்டுவதை அப்படியே தோல்வி என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் அதன் பயிற்சிக் குறிப்புகள், முடிந்தவரை தாண்டாதீர்கள் என்றே சொல்கின்றன. அடிக்குறிப்புப் பகுதியிலும் பக்கவாட்டிலும் ஆயத்த வடிவமைப்புகளே எச்4, எச்5 என்று போட்டுவிடுவதுண்டு. நீங்கள் எழுதாத தலைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## எச்4இல் இருந்து நேராக எச்2க்குத் திரும்பலாமா?

தாராளமாக. அறையிலிருந்து வெளியே வந்து அடுத்த கட்டுக்குள் நுழைவது அது. உள்ளே இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும்.

## தொலைபேசி எண் பளிச்சென்று தெரிய அதையும் எச்2 ஆக்கியிருக்கிறோம்.

எடுத்துவிடுங்கள். “தொடர்புக்கு” என்பது தலைப்பு. எண் அதன் கீழ் வரும் செய்தி. “பண்டிகைக் காலத் தள்ளுபடி” என்ற விளம்பர வரிக்கும், ஐயா சொன்ன பொன்மொழிக்கும் இதே பதில்தான். தட்டச்சு செய்யும்போது எண்டர் தட்டி உருவாகும் வெற்றுத் தலைப்புகளும் இந்தக் கணக்கில் சேரும். கண்ணுக்கு அது இடைவெளி. காதுக்கு அது பெயரில்லாத கதவு.

## தமிழில் தலைப்பை எழுதுவதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. இதைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தமிழ்த் தொடரில் அடைமொழி முன்னால் வரும், சொல்ல வந்த பொருள் கடைசியில் வரும். டைல்ஸ் பட்டறைக்காரர் ஒருவர் எனக்கு எழுதித் தந்த தலைப்புகள் இவை: “பாரம்பரியமிக்க ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் முறை”, “பாரம்பரியமிக்க ஆத்தங்குடி டைல்ஸ் கிடைக்கும் அளவுகள்”, “பாரம்பரியமிக்க ஆத்தங்குடி டைல்ஸ் பராமரிப்பு”. படிக்கும் கண் கடைசிச் சொல்லுக்குத் தாவிவிடும். காது தாவ முடியாது. ஒவ்வொரு முறையும் “பாரம்பரியமிக்க ஆத்தங்குடி டைல்ஸ்” என்பதைக் கேட்டு முடித்த பிறகே வித்தியாசம் தெரியும். பட்டியலைத் திறந்து முதல் எழுத்தைத் தட்டித் தேடுபவருக்கோ எல்லாமே “பா”வில் தொடங்குகின்றன.

நான் மாற்றியது இப்படி. எச்1: ஆத்தங்குடி டைல்ஸ். அதன் கீழ் எச்2கள்: செய்முறை, அளவுகளும் விலையும், தரை போடும் விதம், பராமரிப்பு. செய்முறைக்குள் மட்டும் மூன்று எச்3: கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றுதல், சிமெண்டும் மணலும் சேர்த்தல், நீரில் ஊறவைத்தல். எச்1இல் ஒருமுறை சொன்ன பெயரை எச்2இல் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் வந்தவரிடம் ஒவ்வொரு அறை வாசலிலும் வீட்டின் பெயரைச் சொல்வதில்லை. பட்டறைக்காரர் முதலில் தயங்கினார், தலைப்புகள் மொட்டையாக இருக்கின்றன என்றார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்கச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

சுருக்குவதிலும் எல்லை உண்டு. “மேலும்”, “இதர”, “சிறப்புகள்” போன்ற சொற்கள் தனியே கேட்கும்போது எதையும் சொல்வதில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் தலைப்பைப் பெரிய எழுத்துகளால் காட்டும் வழக்கம் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. ஆகவே நம் பக்கங்களில் தலைப்பு என்பது முழுக்க முழுக்கத் தடிமனையும் நிறத்தையும் நம்பியிருக்கிறது. அந்த இரண்டும் காதை எட்டாதவை. குறி போடுவது நமக்கு இன்னும் அவசியம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

## அழகான எழுத்துருவில் தலைப்புகளைப் படமாகச் செய்து வைத்திருக்கிறோம். அதை விட மனமில்லை.

புரிகிறது. கல்யாணப் பத்திரிகையின் எழுத்தழகு இணையத்திலும் வேண்டும் என்று நினைப்பது இயல்பான ஆசை. படத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எச்2 குறிக்குள் வையுங்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் படத்தில் உள்ள சொற்களை அப்படியே எழுதுங்கள். “தலைப்புப் படம்” என்று எழுதாதீர்கள். இன்னும் நல்ல வழி, எல்லாக் கணினிகளும் தமிழ் எழுத்தாகவே அறிந்துகொள்ளும் யூனிகோட் முறையில் அமைந்த எழுத்துரு ஒன்றைப் பக்கத்தோடு இணைத்து உண்மையான எழுத்தாகவே போடுவது. பார்வை மங்கியவர் பெரிதாக்கும்போது படம் சிதறும், எழுத்து சிதறாது.

அச்சகத்திலிருந்து வரும் கோப்புகளில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டது திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதைப் பொருளற்ற ஆங்கில ஒலிகளாகப் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் தலைப்புக் குறி போட்டுப் பயனில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்ற குறிப்பையும் எச்டிஎம்எல்லின் முதல் குறியிலேயே எழுதிவிடுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாற வழி கிடைக்கும்.

## கேள்வியைத் தட்டினால் பதில் விரியும் அமைப்பில் தலைப்பு எங்கே வரும்?

ஒவ்வொரு கேள்வியும் தலைப்பாக இருக்க வேண்டும். தலைப்புக் குறிக்குள் பொத்தான், பொத்தானுக்குள் கேள்வி. விரிந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்பதை ஏரியா-எக்ஸ்பாண்டட் என்ற பண்பு சொல்லும். டீட்டெய்ல்ஸ், சம்மரி என்ற குறிகளை வைத்தும் விரியச் செய்யலாம். சம்மரிக்குள் தலைப்பு வைக்க விதியும் அனுமதிக்கிறது. ஆனால் சில உலாவிகளும் திரைவாசிப்பான்களும் சேரும்போது அது தலைப்பு என்ற செய்தி மறைந்துவிடுகிறது. கேள்விகள் இருபதுக்குள் இருந்தால் எதையும் மூடி வைக்காமல் திறந்தே விடுங்கள் என்பது என் யோசனை.

## கண்ணுக்குத் தேவையில்லாத இடத்தில், காதுக்காக மட்டும் தலைப்பு வைக்கலாமா?

வைக்கலாம். படங்கள் வரிசையாக இருக்கும் பகுதிக்கு “வீட்டின் படங்கள்” என்று திரையில் தெரியாத தலைப்பு ஒன்றை சிஎஸ்எஸ் வழியாக வைக்க முடியும். டிஸ்பிளே நன் என்ற சிஎஸ்எஸ் கட்டளையால் மறைக்காதீர்கள். அது திரைவாசிப்பானிடமிருந்தும் மறைத்துவிடும். அளவோடு பயன்படுத்த வேண்டிய வழி இது. கேட்பவருக்கு உதவும் தலைப்பு பெரும்பாலும் பார்ப்பவருக்கும் உதவும்.

## நாங்கள் எம்எஸ் வேர்டில் எழுதித் தருகிறோம். அங்கேயே ஏதாவது செய்ய வேண்டுமா?

அங்கேதான் தொடங்க வேண்டும். எழுத்தைத் தேர்ந்து தடிமனாக்குவதற்குப் பதில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்ற ஸ்டைல்களைப் பயன்படுத்துங்கள். கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு 1, 2, 3 என்று அழுத்தினாலே வந்துவிடும். கூகுள் டாக்ஸிலும் இதே விசைகள்தான். இணையப் பக்கம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒட்டும்போது அந்த நிலைகள் கூடவே வரும். வேர்ட்பிரஸில் பக்கத்தின் பெயரே வழக்கமாக எச்1 ஆகிவிடும். ஆகவே உள்ளே எச்2இல் தொடங்குங்கள்.

திருவிழா அழைப்பிதழைப் பிடிஎஃப் ஆக்கும்போது, வேர்டிலேயே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிரிண்ட் வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் தலைப்பு அமைப்பு தொலைந்துவிடும்.

## இதற்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா?

டபிள்யூ3சியின் இணைய உள்ளடக்க அணுகல் நெறிகள் உலகம் முழுவதும் அளவுகோலாக இருக்கின்றன, இப்போதுள்ள 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. பார்வைக்குத் தெரியும் அமைப்பு குறியிலும் இருக்க வேண்டும் என்பது அதில் 1.3.1ஆம் விதி, அடிப்படை நிலையான ‘ஏ’வில் உள்ளது. தலைப்பு உள்ளடக்கத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது 2.4.6ஆம் விதி. இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மின்னணுத் தகவல்களும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. எண்ணிம வழிச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

## நான் போட்டது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

வெப்எய்மின் வேவ் என்ற கருவியில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் தலைப்புகளை நிலைவாரியாகக் காட்டும். தாண்டிய நிலையையும் வெற்றுத் தலைப்பையும் சுட்டும். ஆனால் தடிமன் எழுத்தாக மட்டும் நிற்கும் போலித் தலைப்புகளை எல்லாம் அது பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. தலைப்பின் சொல் சரியா என்பதையும் கருவி சொல்லாது. அதற்கு நான் செய்வது: தலைப்புகளை மட்டும் தாளில் உள்தள்ளி எழுதி, தொழிலை அறியாத ஒருவரிடம் கொடுப்பேன். விலை எங்கே இருக்கும், வழி எங்கே இருக்கும் என்று கேட்பேன். விரலை வைத்துக் காட்ட முடிந்தால் சரி. பிறகு என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, எச் விசையை மட்டும் வைத்து ஒருமுறை போய்வருவேன்.

## எங்களிடம் பழைய பக்கங்கள் நாற்பதுக்குமேல் இருக்கின்றன. எங்கே தொடங்குவது?

உங்களுக்குத் தொலைபேசியில் எதைக் கேட்டு அதிகம் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். தங்கும் வீடு என்றால் அறை வாடகையும் ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியும். கோயில் என்றால் நடை நேரமும் விழா நாளும். கடை என்றால் விலையும் வெளியூருக்கு அனுப்பும் விவரமும். அந்தப் பக்கங்களை முதலில் எடுங்கள். உள்ளடக்கத்தில் கை வைக்க வேண்டாம். தடிமனாக இருக்கும் வரிகளைத் தலைப்பாக்கி நிலையைச் சரிசெய்யுங்கள். சாதாரணப் பக்கம் ஒன்றுக்கு அரை மணி நேரம் ஆகும்.

அந்தத் திருவிழாப் பக்கத்தை அன்று இரவே திருத்தினேன். நிகழ்ச்சி நிரலை எச்2 ஆக்கி, ஒவ்வொரு நாளையும் அதன்கீழ் எச்3 ஆக்கினேன். நன்கொடையாளர் பட்டியலுக்கும் ஓர் எச்2 கொடுத்தேன். மறுநாள் காலை மாமா அழைத்தார். தேர் நாளைச் சொல்லிவிட்டு, நன்கொடையாளர் பட்டியலில் தம் பெயர் விடுபட்டிருப்பதையும் சொன்னார்.